அயல்நாட்டு வணிகரும் உள்ளூர் வேலையும்: கானாவில் கணக்கு எங்கே தவறுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கானாவின் சந்தைகளில் சீன, நைஜீரிய வணிகர்களுக்கு எதிராக எழுந்த போராட்டங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். அயலார் கடை ஒன்று மூடினால் உள்ளூராருக்கு அந்த இடத்தில் வேலை கிடைத்துவிடும் என்ற முடிவோடு கட்டுரை நின்றுவிட்டது. தலைநகர் அக்ராவிலும் தேமா துறைமுகத்திலும் இறக்குமதி, சுங்கம், கணக்கு வேலைகளைப் பார்க்கும் எங்களால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அயல்நாட்டு வணிகரால் உள்ளூர் வேலை பாதிக்கப்படுவது உண்மை. ஆனால் பாதிப்பு நடக்கும் இடம் கடையின் கல்லாப்பெட்டி அல்ல. அதற்கு முன்னால், துறைமுகத்திலும் வங்கியிலும் அது நடந்து முடிந்துவிடுகிறது.

முதலில் சட்டம். 2013-இல் கானா இயற்றிய முதலீட்டு ஊக்குவிப்பு மையச் சட்டத்தின் எண் 865. இறக்குமதிச் சரக்கை வாங்கி விற்கும் வணிகத்தில் வெளிநாட்டவர் இறங்க வேண்டுமானால் குறைந்தது 10 லட்சம் டாலர் முதல் போட வேண்டும், தேர்ச்சி பெற்ற கானா நாட்டவர் 20 பேரையாவது வேலைக்கு வைக்க வேண்டும் என்று அது விதித்தது. இதற்கு முந்தைய 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 3 லட்சம் டாலரும் 10 பேருமாக இருந்தது. அதோடு சந்தையில் கடை போட்டு விற்பது, தெருவில் கூவி விற்பது, முடிதிருத்தகம், அழகு நிலையம், 25 வண்டிகளுக்குக் குறைவான டாக்சித் தொழில், பள்ளி நோட்டுப் புத்தகத் தயாரிப்பு, பொட்டலத் தண்ணீர், மருந்துச் சில்லறை விற்பனை ஆகியவற்றைச் சட்டம் கானா நாட்டவருக்கென்றே ஒதுக்கியது. முதலீட்டு வரம்பைத் தளர்த்த வேண்டும் என்ற பேச்சும் அண்மையில் எழுந்திருக்கிறது.

படிக்கும்போது உள்ளூர் மக்களுக்கு நல்ல பாதுகாப்பாகத்தான் தெரியும். நடைமுறையில் என்ன ஆகிறது? அக்ராவின் ஓக்காய்ஷியிலோ, சர்க்கிள் பகுதியின் கைபேசிக் கடை வரிசையிலோ உள்ள கடை ஒன்றில் நான்கு பேர் நின்றால் வாடிக்கையாளர் உள்ளே வர முடியாது. அங்கே 20 பேரை வைத்து என்ன வேலை வாங்குவது? 10 லட்சம் டாலர் கையில் இருப்பவர் அப்படிப்பட்ட கடையில் உட்காரவும் மாட்டார். ஆகவே வரம்பை உண்மையாக எட்டுபவர் சிலர். எட்ட முடியாதவர் நாட்டை விட்டுப் போவதில்லை, பினாமியைப் பிடிக்கிறார். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் உரிமம், மாதம் ஒரு தொகை அவருக்கு, கடையும் கணக்கும் இவரிடம். ஊழியர் பட்டியலில் 20 பெயர் வேண்டுமென்றால் 20 பெயர் எழுதப்படும், வேலை செய்வது மூன்று பேர்.

இதில் முதலில் அடிபடுவது அந்த மூன்று பேர். நிறுவனமே மறைவில் நடக்கும்போது அவர்களுக்கு வேலை ஒப்பந்தம் கிடையாது. கானாவின் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு முதலாளி 13%, தொழிலாளி 5.5%, ஆக மொத்தம் சம்பளத்தில் 18.5% கட்ட வேண்டும். மறைவில் நடக்கும் கடை இதைக் கட்டாது, கட்டினால் கணக்கு வெளியே வந்துவிடும். 2025-இல் அறிவித்த குறைந்தபட்ச நாள் கூலி 19.97 சீடி (கானாவின் நாணயம்). அதையாவது கொடுத்தார்களா என்று கேட்க அந்தக் கடைக்குள் தொழிலாளர் அலுவலர் நுழைந்தால், கடையின் பெயரே வேறாக இருக்கும். வரம்பை உயர்த்தியதால் வேலை கூடவில்லை. இருந்த வேலை கணக்கில் இல்லாத வேலையாகிவிட்டது.

அடுத்து, யார் வேலை போகிறது, யாருக்கு வருகிறது என்பது. வெளிநாட்டவர், உள்ளூரார் என்று இரண்டே கட்சியாகப் பிரித்துப் பார்ப்பதால்தான் தங்கள் கட்டுரையின் கணக்கு தவறுகிறது. அக்ராவின் மகோலா சந்தையின் சரக்குப் பாதையில் படிகள் பல. சீனாவில் ஆர்டர் கொடுத்து கண்டெய்னர் எடுப்பவர் ஒருவர், அதைப் பெட்டி பெட்டியாக விற்கும் மொத்த வியாபாரி அடுத்தவர். அவரிடம் வாங்கிக் கடை வைப்பவர், அந்தக் கடையில் டஜன் கணக்கில் வாங்கித் தட்டில் வைத்துத் தெருவில் விற்பவர், சரக்கைத் தலையில் சுமக்கும் வடபகுதிப் பெண்கள், தள்ளுவண்டிக்காரர், லாரி ஓட்டுநர் என்று அது இறங்கிக்கொண்டே போகும்.

சீன வணிகர் மொத்த வியாபாரப் படியில் வந்து உட்கார்ந்தபோது கீழ்ப் படிகளில் உள்ளவர்களின் வேலை குறையவில்லை, பல இடங்களில் கூடியது. முன்பெல்லாம் ஒரு பெட்டிச் செருப்பு வாங்க வேண்டுமானால் கண்டெய்னர் எடுத்த பெரிய வணிகரின் தயவு வேண்டும். சீனர் கடையில் யார் பணம் கொடுத்தாலும் ஒரு பெட்டி கிடைக்கும். கையில் சிறு முதல் உள்ள பெண்ணும் மறுநாளே வியாபாரத்தில் இறங்கலாம். அடிபட்டவர் நடுப்படியில் இருந்தவர்: சீனாவின் சந்தை நகரங்களான குவாங்சோவுக்கும் ஈவூவுக்கும் பறந்து சரக்கெடுத்து வந்து, அந்த இடைவெளியில் வாழ்ந்த கானா நாட்டு இறக்குமதியாளர். கானா வணிகர் சங்கங்களின் ஒன்றியத்தில் குரல் ஓங்கி ஒலிப்பது இந்த நடுப்படிக்காரருடையது. அவருடைய இழப்பு மெய்யானது, அவர் குடும்பமும் அவரிடம் வேலை பார்த்த கிடங்குப் பையன்களும் மெய்யாகவே கஷ்டப்படுகிறார்கள். ஆனால் தெருவில் விற்கும் பெண்ணின் பெயராலும் சேர்த்து அவர் பேசும்போது, அந்தப் பெண்ணின் கணக்கு வேறு என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நடுப்படிக்காரர் ஏன் தோற்றார்? அயலார் சம்பளம் குறைத்துக் கொடுப்பதாலோ அதிக நேரம் கடை திறப்பதாலோ மட்டும் இல்லை. பணத்தின் விலையில்தான் பெரும் வித்தியாசம். சீனாவில் ஆர்டர் கொடுத்தால் தயாரிப்புக்கு மூன்று நான்கு வாரம், கடலில் தேமா வந்து சேர ஒன்றரை மாதம் வரை, சுங்கத்தில் ஒன்றிரண்டு வாரம், பிறகு விற்றுப் பணமாக்க ஒரு மாதம். பணம் ஏறக்குறைய நான்கு மாதம் சரக்கில் முடங்கிக் கிடக்கும். கானாவின் மத்திய வங்கியின் அடிப்படை வட்டியே 2023 நடுவில் 30 சதவீதத்தைத் தொட்டது. சிறு வணிகர் வங்கியில் வாங்கும் கடன் அதற்கும் மேலே. 30% என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் சீடிக்கு நான்கு மாத வட்டி 10,000. அதாவது விற்பனை தொடங்குமுன்பே 10% போய்விட்டது. சீன வணிகருக்கோ தொழிற்சாலைக்காரர் உறவினர் அல்லது ஊர்க்காரர். இரண்டு மூன்று மாதத் தவணையில் சரக்கு கடனாக வரும். விற்றபின் பணம் அனுப்பினால் போதும். இதற்கு நடுவில் சீடியின் மதிப்பு சரிந்தால் இருவருக்கும் இழப்புத்தான், ஆனால் ஒருவர் வட்டியையும் சேர்த்துச் சுமக்கிறார். 2022 டிசம்பரில் பணவீக்கம் 54.1 சதவீதத்துக்குப் போனபோது உள்ளூர் இறக்குமதியாளர் பலர் முதலையே இழந்தார்கள்.

அடுத்தது சுங்கம். எங்கள் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். ஒரு கண்டெய்னர் சரக்கின் உண்மை மதிப்பு 40,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஆப்பிரிக்கப் பொதுத் தீர்வைப் பட்டியலில் நுகர்பொருள் பலவற்றுக்கு விகிதம் 20%, ஆகவே தீர்வை 8,000. அதையும் கூட்டி வரும் 48,000 மீது 15% மதிப்புக் கூட்டு வரி 7,200. மற்றச் சிறு தீர்வைகளை விட்டுவிட்டாலும் மொத்தம் 15,200 டாலர். சரக்கின் அடக்கவிலை 55,200. இதையே இன்னொருவர் 20,000 டாலர் சரக்கு என்று பில் காட்டிக் கொண்டுவந்தால் அவர் கட்டுவது 7,600, அடக்கவிலை 47,600. ஒரே சரக்கு, ஒரே கப்பல், விலையில் 14 சதவீதத்துக்குச் சற்றுக் குறைந்த வித்தியாசம். மொத்த வியாபாரத்தில் லாபமே பத்து சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கும். நேர்மையாக வரி கட்டியவர் இந்தச் சந்தையில் எப்படி நிற்பார்?

பில்லைக் குறைத்துக் காட்டுவது அயலார் மட்டும் செய்வதில்லை, உள்ளூராரும் செய்கிறார்கள். ஆனால் தொழிற்சாலையோடு நேரடி உறவு உள்ளவருக்கு வேண்டிய தொகைக்குப் பில் வாங்குவது எளிது. இதைத் தடுக்க வழியும் இருக்கிறது. 2020-இல் கானாவில் வந்த ஒருங்கிணைந்த கணினிச் சுங்க முறை ஒவ்வொரு இறக்குமதியின் விலையையும் பதிவு செய்கிறது. ஒரே குறியீட்டு எண்ணில், ஒரே நாட்டிலிருந்து வரும் சரக்கின் கிலோ விலையைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, பாதிக்குக் கீழே அறிவித்த பெட்டியை மட்டும் பிரித்துப் பார்த்தால் போதும். எல்லாப் பெட்டியையும் பிரித்தால் துறைமுகம் நின்றுவிடும், தாமதக் கட்டணம் ஏறும், அந்தச் சுமை கடைசியில் மகோலாவில் வாங்குபவர் தலையில் விழும். ஒரு கடையைப் பூட்டுவதைவிட இது உள்ளூர் வணிகரை அதிகம் காப்பாற்றும். படம் எடுத்துப் போட இதில் ஒன்றும் இல்லாததால் யாரும் இதைக் கேட்டுப் போராடுவதில்லை என்பது எங்கள் வருத்தம்.

கடை வாடகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கானாவின் 1963-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சந்தைப் பகுதிகளில் இரண்டு ஆண்டு, அதற்கும் மேலே கேட்பது வழக்கமாகிவிட்டது. மொத்தமாகக் கொடுக்கக்கூடியவர் பெரும்பாலும் வெளிநாட்டவர். அவரை உள்ளே வைத்துப் பழைய உள்ளூர் வாடகைதாரரை வெளியேற்றுபவர் கானா நாட்டுக் கட்டட உரிமையாளர். இந்த இடத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது, நடைமுறைப்படுத்துவதுதான் இல்லை.

தொழிற்சாலை வேலை பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இழப்பு மிகப் பெரிதாக நடந்தது அங்கேதான். கானாவின் துணி ஆலைகளில் 1977 வாக்கில் சுமார் 25,000 பேர் வேலை பார்த்தார்கள். 1995-இல் அது 7,000 அளவுக்கு வந்தது, 2005-இல் 3,000-க்கும் கீழே. இந்த வேலைகளை அழித்த காரணங்களுள் முக்கியமானது சீனாவில் அச்சாகி வந்த போலி வண்ணத்துணி. கானாவின் அக்கோசோம்போ துணி ஆலை புதிதாக ஒரு கோலம் அச்சிட்டு விட்டால், கொஞ்ச நாளில் அதே கோலம், அதே முத்திரையோடு, பாதி விலையில் சந்தையில் இருக்கும். சரி, அந்த மாதிரித் துணியைச் சீனாவுக்கு எடுத்துப் போய் அச்சடிக்கச் சொன்னவர் யார்? பல நேரங்களில் கானாவையும் அண்டை டோகோவையும் சேர்ந்த வணிகர்களே. விற்றவர்களும் அவர்களே. கடையில் நிற்பவரின் கடவுச்சீட்டைப் பார்த்து இந்த இழப்பைத் தடுத்திருக்க முடியாது. எல்லையில் போலிச் சரக்கைப் பிடிப்பது, அசல் துணிக்கு வரி முத்திரை ஒட்டுவது, உள்ளூர்த் துணிக்கு மதிப்புக் கூட்டு வரியைச் சுழியமாக்குவது ஆகியவையே உதவும். கடைசியில் சொன்னதை 2019-இல் அரசு செய்தது. இருபது ஆண்டு முன்னதாகச் செய்திருந்தால் எத்தனை ஆலைக் குடும்பங்கள் பிழைத்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வெளியேற்றிப் பார்த்த அனுபவமும் கானாவுக்கு உண்டு. 1960 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் எட்டில் ஒருவர் வெளிநாட்டவர். 1969 நவம்பர் 18-இல் பிரதமர் புசியாவின் அரசு, வதிவிட உரிமம் இல்லாதவர்கள் இரண்டு வாரத்துக்குள் உரிமம் பெற வேண்டும் அல்லது வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டது. நைஜீரியர், டோகோ நாட்டவர், இன்று புர்கினா பாசோ என்று அழைக்கப்படும் மேல் வோல்ட்டாவினர் எனப் பல லட்சம் பேர் போனார்கள். சந்தைக் கடைகள் உள்ளூரார் கைக்கு வந்தன, உண்மைதான். ஆனால் வடபகுதிச் சந்தைகளில் நைஜீரியாவின் யொரூபா வணிகர்கள் கட்டி வைத்திருந்த கொள்முதல் வழியும் கடன் கொடுக்கல் வாங்கலும் கடையோடு சேர்ந்து கைமாறவில்லை. கொக்கோத் தோட்டங்களிலோ களையெடுக்கவும் காய் பறிக்கவும் ஆள் கிடைக்கவில்லை, ஏனெனில் அந்த வேலையைச் செய்து வந்தவர்களும் அதே ஆணையில் போய்விட்டார்கள். வணிகரையும் தோட்டத் தொழிலாளியையும் பிரிக்காமல் போட்ட ஆணை அது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 1983 ஜனவரியில், நைஜீரியா இதேபோல் ஆணையிட்டபோது வெளியேறியவர்களில் சுமார் பத்து லட்சம் பேர் கானா நாட்டவர். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கும் நிலையில் அப்போது கானா இல்லை.

தமிழருக்கு இது புதிதல்ல. பர்மாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம், 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாததால், 13 முக்கிய நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் கால் பங்கு 1938-க்குள் போய்ச் சேர்ந்தது. 1930-இல் அது 6% மட்டும்தான். பர்மிய உழவரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கி இந்தியர்களை வெளியேற்றியபோது பர்மிய உழவருக்கு மலிவான கடனும் வரவில்லை, கடையில் பொருளும் வரவில்லை. அயலார் செய்து வந்த வேலையை யார், எந்த முதலோடு செய்வது என்ற ஏற்பாடு இல்லாமல் ஆளை மட்டும் அகற்றினால் என்ன ஆகும் என்பதைச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய குடும்பங்களும் அறியும், ரங்கூனில் வரிசையில் நின்றவர்களும் அறிவார்கள்.

நைஜீரியர்களையும் சீனர்களையும் கட்டுரை ஒரே தட்டில் வைத்ததும் சரியல்ல. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு 1979-இல் செய்த உடன்பாட்டின்படி உறுப்பு நாட்டுக் குடிமக்கள் விசா இன்றி 90 நாள் வரை தங்கலாம். 1990-இல் தொழில் தொடங்கும் உரிமையும் சேர்ந்தது. உள்நாட்டுச் சட்டம் எல்லா வெளிநாட்டவருக்கும் பொது என்பது கானாவின் வாதம், உடன்பாடே மேலானது என்பது நைஜீரியரின் வாதம். 2019 ஆகஸ்டில் நைஜீரியா தன் தரைவழி எல்லையை மூடி, கானாவின் சரக்கு லாரிகள் எல்லையில் தேங்கி நின்றபின்பே அக்ராவிலும் குமாசியிலும் நைஜீரியர் கடைகளைப் பூட்டும் வேகம் கூடியது. எல்லை திறந்தது 2020 டிசம்பரில். அந்தப் பதினாறு மாதத்தில் சரக்கு அனுப்ப முடியாமல் கானாவின் சிறு ஆலைகளில் நின்ற வேலைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

என்ன செய்யலாம் என்று கேட்டால், எங்கள் கருத்து இது. 10 லட்சம் டாலர், 20 பேர் என்ற எட்டாத வரம்புக்குப் பதிலாக, சரிபார்க்க முடிந்த நிபந்தனைகள் வேண்டும். விற்பனைத் தொகைக்கு ஏற்ப உள்ளூர் ஊழியர் எண்ணிக்கையை வைக்கலாம். சான்று பெயர்ப்பட்டியல் அல்ல, சமூகப் பாதுகாப்பு நிதிக்கு மாதம் கட்டிய ரசீது. வெளிநாட்டு மொத்த வியாபாரி பெட்டி அளவில் மட்டும் விற்கலாம், உதிரியாக விற்கக் கூடாது என்று வைத்தால் கீழ்ப் படிகள் உள்ளூராருக்கே நிற்கும். கானாவின் வரித்துறை 2022 அக்டோபரில் தொடங்கிய மின்னணு பில் முறையில் ஒவ்வொரு விற்பனையின் அளவும் பதிவாவதால், ஆள் போய்ப் பார்க்காமலே இதைக் கண்காணிக்க முடியும். கடையைச் சோதிப்பது அரசு அலுவலராக இருக்க வேண்டும், போட்டிக் கடைக்காரராக இருக்கக் கூடாது. பூட்டைப் போடுபவரே அடுத்த வாரம் அந்தக் கடையை வாடகைக்கு எடுக்கக்கூடியவராக இருந்தால் அது சட்ட அமலாக்கம் ஆகாது. நடுப்படிக்காரருக்கு வேண்டியது கடன். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே கண்டெய்னர் எடுத்தால் கப்பல் கூலியும் விலையும் குறையும். அப்படிச் சேர்பவர்களுக்கு, வரும் சரக்கையே ஈடாக வைத்து நான்கு மாதக் கடன் கொடுக்க வங்கிகளைத் தூண்டலாம்.

பினாமிக்குத் தண்டனை இல்லாமல் இவை எதுவும் நிற்காது. தான்சானியா 2025 ஜூலையில் 15 வகைத் தொழில்களை வெளிநாட்டவருக்கு மூடியபோது இந்த இடத்தைத் தொட்டது. மீறும் வெளிநாட்டவருக்கு ஒரு கோடி ஷில்லிங் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் வைத்ததோடு, துணைபோகும் குடிமகனுக்கும் 50 லட்சம் ஷில்லிங் அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை என்றது. அந்த ஆணையின் மற்றப் பகுதிகளில் எங்களுக்கு உடன்பாடில்லை. வயலுக்கே வந்து பயிர் வாங்கும் வெளிநாட்டு வணிகரைத் தடுத்ததால் உழவருக்கு வாங்கும் கை ஒன்று குறைகிறது. கைபேசி பழுது பார்ப்பதிலிருந்து சுற்றுலா வழிகாட்டி வரை எல்லாவற்றையும் ஒரே ஆணையில் அடைத்தது கென்யா போன்ற அண்டை நாடுகளோடு தேவையற்ற சண்டையை இழுத்தது. ஆனால் பெயரை வாடகைக்கு விடுபவருக்கும் தண்டனை என்ற பகுதி சரி.

கடைசியாக, தங்கள் வாசகர்களுக்கு நேரடியாகத் தேவைப்படும் ஒன்று. அக்ராவில் இந்தியர் நடத்தும் வணிக நிறுவனங்கள் கிடங்கு மேற்பார்வைக்கும் கணக்கு வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுப்பதுண்டு. 865-ஆம் எண் சட்டப்படி 7 லட்சம் டாலருக்கு மேல் முதல் போட்ட நிறுவனத்துக்கே தானாகக் கிடைக்கும் வெளிநாட்டு ஊழியர் இடம் நான்குதான். 50,000 முதல் 2.5 லட்சம் டாலர் வரை என்றால் ஒன்று. அதற்கு மேல் வேண்டுமானால் தனியாக விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். வேலை தருவதாகச் சொல்லும் நிறுவனத்திடம் முதலீட்டு மையப் பதிவுச் சான்றின் நகலையும், அதில் தமக்குரிய இடம் காலியாக இருப்பதற்கான கடிதத்தையும் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கேட்டு வாங்க வேண்டும். பதிவு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது என்பதால் தேதியையும் பார்க்க வேண்டும். முதலில் பார்வையாளர் விசாவில் வாருங்கள், வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் வரக் கூடாது. சோதனை நடக்கும் நாளில் கடைக்காரர் அபராதம் கட்டிவிட்டுப் போவார், தடுப்புக் காவலில் இருப்பது வேலைக்கு வந்த பையன்.

இப்படிக்கு,
இறக்குமதி, சுங்கம், கணக்குப் பணிகளில் உள்ள தமிழ் வாசகர்கள்,
அக்ரா – தேமா, கானா